கைக்கு எட்டும் உயரம்

"கண்ணாடிக்குக் கயிறு இல்லாம உள்ள விட முடியாது சார்" என்றார் வாசல் காவலர்.

கேட்டுக்கொண்டு நின்றவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையில் ஓர் இழுப்பறை நிறையக் கண்ணாடிக் கயிறுகள் உண்டு. கறுப்பு, பழுப்பு, மணி கோத்தது, கோக்காதது என்று எல்லாம் இருக்கும். யாராவது ஒன்று கேட்டால், "அது எதுக்குங்க, அதான் காது இருக்கே" என்று விற்காமல் திருப்பி அனுப்பும் ரகம் அவர். இப்போது மூக்கில் கனமான கண்ணாடியும் தலையில் மஞ்சள் கவசமுமாக நின்று, தன் காதுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

காவலர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவில் ஆறு அறுத்துக்கொண்டு ஓடுகிற இடம் அது. செங்குத்தான பாறையில் இரும்புச் சட்டங்களை அடித்து, அவற்றின் மேல் பலகை பரப்பி நடைபாதை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு அடியில் எங்கோ ஆறு. குனிந்து பார்த்தவர்கள் நழுவவிட்ட கண்ணாடிகளை எல்லாம் பொறுக்கினால் கீழே ஒரு கடையே போடலாம் என்றார் காவலர். கடைக்காரருக்கு அந்த வியாபார யோசனை பிடிக்கவில்லை.

அவரிடம் கயிறு ஒன்று இருக்கத்தான் செய்தது. சட்டைப் பையில் இருந்த இன்னொரு கண்ணாடியில் அது கட்டியிருந்தது. அந்தக் கண்ணாடி அவருடைய மனைவியுடையது. போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணாடி மட்டும் மேசைமேல் இருந்தது.

பார்க்க அழகான பொருள் அல்ல அது. காதில் மாட்டும் கைகளில் ஒன்று கறுப்பு, மற்றது பழுப்பு. ஒரு கை உடைந்தபோது கடையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து இவரே மாட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் நல்லதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்ட மனிதரின் மனைவி, கடைசிவரை இரண்டு நிறத்தோடுதான் உலகத்தைப் பார்த்தாள். கயிறுகூட அவர் கொடுத்ததில்லை. ஒருநாள் அவளாகவே இழுப்பறையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, குனிந்து பெருக்கும்போது நழுவுகிறது என்றாள்.

கயிற்றை அவிழ்த்துத் தன் கண்ணாடியில் மாட்டப் போனார். காவலர் அதற்கும் கூடாது என்று தலையாட்டினார். அப்படிச் செய்தால் பையில் இருப்பதற்குக் கயிறு இல்லை. சட்டைப் பையில் எதுவும் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. வேண்டுமானால் அதை இங்கே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம்.

"அதுக்காகத்தாங்க வந்ததே" என்றார் கடைக்காரர்.

காவலருக்கு அது விளங்கவில்லை.

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில் ஒரு காலண்டரில் இந்த நடைபாதையின் படம் வந்தது. வருடம் முடிந்த பிறகும் மனைவி அந்தத் தாளைக் கிழிக்காமல் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். அவ்வப்போது, "ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்பாள். இவர் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் மூடுகிற சமயம், சரக்கு எடுக்க வேண்டும்.

உண்மையான காரணம், அவருக்கு உயரம் என்றால் உயிர் போகும். முக்காலிமேல் ஏறினாலே முழங்கால் கழன்றுவிடும். ஆள் நெட்டை என்பதால், நிற்கிற உயரமே போதும் போதும் என்றிருந்தது அவருக்கு. வீட்டில் பல்பு மாற்றுவது, பரணில் பாத்திரம் ஏற்றுவது எல்லாம் குள்ளமான மனைவிதான். மூட்டு வலி என்று சொல்லி வைத்திருந்தார். தன் பயம் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு.

பிறகு எப்போதோ அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அப்போது அது பெரிய நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் நெஞ்சை அறுத்தது. மருத்துவமனைப் படுக்கையில், பேச்சு குறைந்துபோன நாட்களில், "அந்த ஆத்துப் பாதைக்கு நீங்க ஒரு தடவை போயிட்டு வாங்க" என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லையே என்பதை வேறு எப்படிச் சொல்வாள்? அவள் கண்கள் பார்க்காததை அவள் கண்ணாடியாவது பார்க்கட்டும் என்றுதான் இன்று கிளம்பி வந்திருந்தார்.

மகள் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கூட வருகிறேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதை ஒருவழிப் பாதை. இந்தப் பக்கம் நுழைந்தால் திரும்ப முடியாது, மறுமுனையில்தான் வெளியே வர வேண்டும். அதனால் யாராவது காரை அங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அவளைத் தடுத்திருந்தார். தான் நடுங்குவதை மகள் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை.

கயிறு ஒன்றுதான், கண்ணாடி இரண்டு. யோசித்தார். திடீரென்று முகம் தெளிந்தது. தன் கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். மனைவியுடையதைக் கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"அப்பா, கண்ணாடி இல்லாம உங்களுக்கு என் மூஞ்சியே தெரியாதே" என்றாள் மகள்.

"தெரியாம இருக்கிறதே நல்லது."

மகள் அதைத் தன் மூஞ்சியைப் பற்றிய அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள். கார் வளைவில் மறைந்தது. மறைந்ததாக அவர் யூகித்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் யோசனை பிரமாதமாக வேலை செய்தது. கைக்கு அப்பால் இருந்த உலகம் முழுவதும் பாலில் முக்கி எடுத்தது போல வெளுத்துக் கிடந்தது. பள்ளம் இல்லை, ஆறு இல்லை. இவ்வளவு வருடமாக இதற்கா பயந்தோம் என்று நினைத்து, நாலு பேர் நடக்கிற மாதிரியே நடந்தார்.

வளைவு திரும்பியதும் காதுக்கு வேலை வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆறு அடியில் இரைந்தது. அந்த இரைச்சலை வைத்துக்கொண்டு மனசு ஒரு பள்ளத்தைத் தோண்ட ஆரம்பித்தது. நிஜப் பள்ளத்துக்காவது ஓர் அடி உண்டு. இவர் தோண்டியதற்கு அடியே இல்லை. காலுக்குக் கீழே பலகை முடிந்து இரும்பு வலை வந்தபோது, வலையின் ஓட்டைகள் வழியாகக் குளிர்ந்த காற்று கால்சட்டைக்குள் ஏறியது. அவர் அப்படியே பாறையோடு ஒட்டிக்கொண்டார்.

அப்போதுதான் கையில் அது தட்டுப்பட்டது. பாறையில் இரும்பு வளையங்கள் அடித்து, அவற்றில் கோத்துக் கட்டிய தடித்த கயிறு. சரியாக அவர் நெஞ்சு உயரம். கையை நீட்ட வேண்டாம், குனிய வேண்டாம். கை தானாகப் போய் உட்கார்கிற இடத்தில் இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்ட பிடியில் கயிறு முனகியது.

பின்னால் வந்த குட்டையான மனிதர் ஒருவருக்கும் அந்தக் கயிறு தேவைப்பட்டது. எக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தோள் வலிக்கிறது என்று விட்டுவிட்டார். "இத யாருக்குய்யா கட்டி வெச்சிருக்காங்க, ஒட்டகச்சிவிங்கிக்கா?" என்று முணுமுணுத்தார்.

கடைக்காரர் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இதைக் கட்டியவனும் தன்னைப் போலவே நெட்டையான ஒரு பயந்தாங்கொள்ளியாக இருக்க வேண்டும் என்று எண்ணி, முகம் தெரியாத அந்த ஆளை மனதார வாழ்த்தினார்.

கயிறு அழைத்துப் போன வழியில் போனார். எதிரில் ஓர் அறிவிப்புப் பலகை இருப்பதை மூக்கு இடித்துத் தெரிந்துகொண்டார். கிட்டப் போய் எழுத்துக் கூட்டிப் படித்ததில், பள்ளத்தாக்கு மிகவும் குறுகுகிற இடம் இதுதான், நின்று பார்த்துச் செல்லவும் என்றிருந்தது. காலண்டர் படம் எடுத்த இடம்.

கழுத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்து, வேலிப் பக்கமாக நீட்டிப் பிடித்தார். "பாத்துக்கோ" என்றார் மெதுவாக. சொன்ன பிறகு வெறுமையாக இருந்தது. கண்ணாடி மட்டும் எதைப் பார்க்கும்? அதற்குப் பின்னால் ஒரு கண் வேண்டாமா? அவள் கண் இல்லாவிட்டால் தன் கண்ணாவது இருக்கட்டும் என்று, அதை எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டார்.

இந்தக் காரியத்தை ஒரு வாடிக்கையாளர் செய்திருந்தால் கடையைவிட்டே விரட்டியிருப்பார். இவருக்கு மைனஸ் பவர். அவளுக்கு ப்ளஸ், அதிலும் கீழ்ப்பாதியில் படிப்பதற்கான பவர் தனி. மேலே பார்த்தபோது இருந்த கொஞ்சநஞ்ச உலகமும் கரைந்தது. கீழே பார்த்தபோது காலடிப் பலகை ஊதிப் பெருத்து முகத்துக்கு நேரே எழும்பி வந்தது. இல்லாத படி ஒன்றில் ஏறுவதற்காகக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் எங்கே இறங்கும் என்று தெரியாமல், கயிற்றைப் பிடித்தபடி நடுப்பாதையில் உட்கார்ந்துவிட்டார்.

பாதையில் இரண்டு பேர் ஒதுங்கிப் போக இடமில்லை. பின்னால் வரிசை நின்றது. உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, கண் தெரியவில்லை என்றார். முன்வரிசையில் சொன்ன இந்தச் செய்தி பின்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள், பார்வையற்ற பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் கைவிட்டுவிட்டுப் போய்விட்டதாக ஆகியிருந்தது. கடைசியில் நின்ற ஓர் அம்மா அழுதேவிட்டதாகப் பிறகு கேள்வி.

"என்ன பவர் உங்களுக்கு?" என்று கேட்டார் குட்டையான மனிதர்.

"மைனஸ் அஞ்சு. ரெண்டு கண்ணும்."

குட்டையான மனிதருக்கு மூளை உயரம். திரும்பி, மைனஸ் பவர் இருக்கிறவர்கள் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுத்து உதவுங்கள் என்று குரல் கொடுத்தார். ஆற்றுக்கு மேலே, கைமாறிக் கைமாறிக் கண்ணாடிகள் வரத் தொடங்கின.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தால் அவர் அதைச் சும்மா மாட்டிக்கொள்வாரா? முதலில் வந்ததைத் தூக்கிப் பிடித்து, கண்ணருகே கொண்டுவந்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது யாரோடது? சாய்வுக்குப் போடுற சிலிண்டர் பவரைத் திருப்பிப் போட்டிருக்காங்களே. தலைவலி வருமே?"

"சாயங்காலமானா வரும் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கடைய மாத்துங்க."

அடுத்தது ஒரே கீறலாக இருந்தது. சேலைத் தலைப்பால் துடைக்க வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்தது பளபளவென்று, விலை உயர்ந்த சட்டத்தோடு வந்தது. அதில் பவரே இல்லை, வெறும் கண்ணாடி. யாருடையது என்று கேட்டபோது வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசிவரை அது சொந்தக்காரர் இல்லாமலே குட்டையான மனிதரின் கழுத்தில் கிடந்தது.

தலைவலிக்காரருக்குப் பதில் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் சந்தேகங்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிறது, இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று வரிசை முழுவதும் குறை சொன்னது. உட்கார்ந்த இடத்திலிருந்தே இவர் பதில் சொன்னார். கையில் வேலை இருக்கும்வரை பயம் வரவில்லை. விசில் ஊதிக்கொண்டு எதிர்முனையிலிருந்து ரோந்துக் காவலர் வந்து சேர்ந்தபோது, வரிசை இரண்டு வளைவுகளுக்கு அப்பால் போயிருந்தது.

"இங்க என்ன கண் சிகிச்சை முகாமா நடக்குது?" என்றார் அவர். குனிந்து விஷயத்தைக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் கொஞ்ச நாளாகப் பேப்பர் படிக்கும்போது எழுத்து ஆடுகிறது என்றார்.

இந்த நேரத்தில்தான், காவலர் எல்லோரையும் பாறையோடு ஒட்டி நிற்கவைத்த இடுக்கில் ஓர் இளம் நர்ஸ் முன்னால் வந்து, தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். தனக்கும் கிட்டத்தட்ட அதே பவர்தான் என்றாள். இவர் அதைச் சோதித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்.

எல்லாம் தெரிந்தது.

முதலில் தெரிந்தது ஒரு பறவையின் முதுகு. பறக்கிற பறவையின் முதுகை அவர் அதுவரை பார்த்ததில்லை. அது அவருக்குக் கீழே, வெகு கீழே, இறக்கையை அசைக்காமல் மிதந்தது. அதற்கும் கீழே ஆறு, பச்சை நிறத்தில், நுரையோடு வளைந்து போயிற்று. எதிர்ப்பாறையில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. ஒரு வெடிப்பில் வேர் பிடித்த சிறு மரம், தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் பூத்திருந்தது.

கயிற்றைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. ஆனாலும் கண்ணை மூடவில்லை. மூடுவதற்கு மனசு வரவில்லை. இவ்வளவு அழகையா முக்காலிக்குப் பயந்த ஒருவனுக்காக அவள் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவள் ஆயுசில் போன ஒரே வெளியூர் அவள் தங்கை வீடு. கடைசிச் சில வருடங்களில் மாதம் ஒருமுறையாவது காலையில் கிளம்பிப் போய் இரவு திரும்புவாள். திரும்பும்போது மூக்கும் கன்னமும் வெயிலில் கன்றியிருக்கும். மொட்டைமாடியில் நிறுத்தி வேலை வாங்குகிறார்கள் என்று ஆத்திரப்பட்டு, ஒருநாள் சகலையிடமே சண்டைக்குப் போனார். சகலை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். தப்பு செய்தவன் எப்படிப் பேசுவான் என்று இவரும் விட்டுவிட்டார்.

"சார்" என்றாள் நர்ஸ். "இப்ப எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் வெறும் கண்களோடு, காற்றைத் துழாவிக்கொண்டு நின்றாள். கண்ணாடி ஒன்று, கண்ணுக்கு வழியில்லாதவர்கள் இரண்டு பேர். திருப்பிக் கொடுத்தால் இவர் மறுபடி உட்கார வேண்டும். வரிசை மறுபடி நிற்கும். கடைக்காரர் எழுந்தார். ஒரு கை கயிற்றில், மறு கையை அவளிடம் நீட்டினார்.

"பாத்து வாம்மா. இங்க படி இறங்குது. இப்ப பலகை, சத்தம் வரும், பயப்படாத. தலையக் குனி, பாறை துருத்திட்டு இருக்கு."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் அவர் பார்த்தாக வேண்டியிருந்தது. வலைக்குக் கீழே பார்த்தார். வளைவில் எட்டிப் பார்த்தார். கால் நடுங்கியது, ஆனால் நடந்தது. கயிறு எங்கும் அறுபடாமல், உயரம் மாறாமல், கடைசி வளைவுவரை அவர் கூடவே வந்தது.

"உங்களுக்குப் பயமே கிடையாதா சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"எனக்கா?" என்றார். அடுத்த படியில் அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

மறுமுனையில் தலைக்கவசங்களைத் திரும்ப வாங்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். மகள் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். உள்ளங்கை கயிறு தேய்த்துச் சிவந்து கிடந்தது. இவ்வளவு நேரமா என்று கோபமாக ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நர்ஸிடம் அவள் கண்ணாடியைக் கொடுத்து, தன்னுடையதை வாங்கி மாட்டிக்கொண்டார். நர்ஸ் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் மகளிடம். "உங்கம்மா கேட்டப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும். பாக்காமலே போயிட்டா."

மகள் அவர் தோளைத் தடவிக் கொடுத்தாள். அவர் கவசத்தைக் கழற்றி நீட்டினார். பெண்மணி அதை வாங்கவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கை கறுப்பு, ஒரு கை பழுப்பு" என்றாள். "அக்கா வரலையா?"

"எந்த அக்கா?"

"இந்தக் கண்ணாடி போட்ட அக்கா. தங்கச்சியோட வருவாங்களே. தங்கச்சி வீட்டுக்காரர் கார்ல கொண்டாந்து விடுவார். ஒரே மாதிரி கை போட்டுக்கலாமேக்கான்னு கேட்டா, எங்க வீட்டுக்காரர் கையால மாட்டினது, இருக்கட்டும்பாங்க."

கடைக்காரர் மகளைப் பார்த்தார். மகளுக்கும் தெரியாது என்பது அவள் முகத்தில் இருந்தது. அம்மா போன மழைக்காலத்தில் தவறிவிட்டதை மகள்தான் சொன்னாள். பெண்மணி எழுந்து நின்றாள். பிறகு அவருடைய உயரத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். சிவந்துபோயிருந்த உள்ளங்கையையும் பார்த்தாள்.

"வந்தப்பல்லாம், 'எங்க வீட்டுக்காரர் நெட்டை, உயரம்னா பயம், ஆனா ஒருநாள் கண்டிப்பா வருவார்'னு எங்க அதிகாரியை விடாம நச்சரிச்சு, தன் காதுக்கு நேரே கையத் தூக்கி 'சரியா இந்த உயரத்துல'ன்னு காட்டி, அவங்க கட்ட வெச்சதுதான் சார் நீங்க பிடிச்சுட்டு வந்த அந்தக் கயிறு."